வாங்காமல் போன மாத்திரைகள்

மெடிக்கல் கடைக்காரனுக்கு ஊரின் உடம்பு தெரியும். செட்டிநாட்டில் எங்கள் கண்டரமாணிக்கம் மாதிரி ஊரில் அது இன்னும் நன்றாகத் தெரியும். யார் வீட்டுக்கு எந்த மாத்திரை, எத்தனை மில்லி, காலையா இரவா என்பதைச் சீட்டைப் பார்க்காமலே கை எடுத்துவிடும். மதுரை மருத்துவக் கல்லூரியில் டி.ஃபார்ம் முடித்து, எண்பதுகளின் நடுவில் இங்கே கடை போட்டேன். இன்றைக்கும் ஊரில் பாதிப் பேருக்கு நான் கம்பவுண்டர்தான்.

சுகர், பிரஷர், தைராய்டு, வலிப்பு என்று தொடர்ந்து மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மாதம் ஒரு தடவை கடைக்கு வருவார்கள். பென்ஷன் வந்த வாரம் சிலர், சிங்கப்பூரிலிருந்து பணம் வந்ததும் சிலர். அதில் ஒருவர் வராமல் போனால் எனக்கு உறுத்தும். முன்பெல்லாம் காரணம் கேட்டால் மூன்றில் ஒன்று வரும். பிள்ளை வீட்டுக்குப் போயிருப்பார், கையில் காசு இருக்காது, இல்லாவிட்டால் ஆஸ்பத்திரியில் படுத்திருப்பார். 2016 செப்டம்பரில் ஜியோ வந்து, இலவச நெட் வீட்டுக்கு வீடு நுழைந்த பிறகு நாலாவது காரணம் ஒன்று சேர்ந்தது. வாட்ஸ்அப்பில் வந்த வைத்தியத்தை நம்பி மாத்திரையை நிறுத்தியிருப்பார். பொய் வைத்தியத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஜனங்கள் எதைத் தின்றார்கள் என்று கேட்கிறார்கள். என் கல்லாவில் உட்கார்ந்து பார்த்தால் எதை நிறுத்தினார்கள் என்பதுதான் முதலில் தெரியும். வெண்டைக்காய் ஊறிய தண்ணீரைக் குடித்ததால் எங்கள் ஊரில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதைக் குடித்துவிட்டு இன்சுலினை நிறுத்தியவர்கள்தான் ஆம்புலன்ஸில் ஏறினார்கள்.

செல்போனுக்கு முன்னால் இதெல்லாம் இல்லை என்று சொல்ல மாட்டேன். பஸ் ஸ்டாண்டில் பாம்பையும் கீரியையும் காட்டிக் கூட்டம் சேர்த்து லேகியம் விற்றவர்கள் உண்டு. ‘மூலம், பவுத்திரம், ஆபரேஷன் இல்லாமல் குணம்’ என்ற நோட்டீஸ் ஒட்டாத மூத்திரச் சுவர் கிடையாது. வாரப் பத்திரிகையின் பின்பக்கங்களில் எந்தத் தேதியில் எந்த ஊர், எந்த லாட்ஜ் என்று அட்டவணை போட்டு வைத்தியர்கள் விளம்பரம் கொடுப்பார்கள். காரைக்குடி லாட்ஜுக்கு வைத்தியர் வரும் நாளில் முதல் பஸ்ஸில் கிளம்பிப் போகிறவர்களை எனக்குத் தெரியும். திரும்பி வரும்போது பத்திரிகைத் தாளில் சுற்றிய பொட்டலத்தை என்னிடம் காட்டாமல் போவார்கள். பிறகு கேபிள் டி.வி. வந்தது. காலையில் ஒரு மணி நேரத்தைக் காசு கொடுத்து வாங்கி, யாரோ ஒருவர் தொலைபேசியில் நோயின் பெயரைச் சொன்ன உடனே வைத்தியர் மருந்தைச் சொல்லுவார்.

இதற்கெல்லாம் சட்டம் இல்லாமல் இல்லை. மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் ஆட்சேபகர விளம்பரச் சட்டம் 1954-லேயே வந்துவிட்டது. நீரிழிவு, புற்றுநோய், பக்கவாதம், வலிப்பு, காது கேளாமை என்று ஒரு நீண்ட பட்டியல் அதில் உண்டு. இவற்றைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்தாலே குற்றம். முதல் தடவை ஆறு மாதம் வரை சிறை, அடுத்த தடவை ஒரு வருஷம். விளம்பரம் என்றால் என்ன என்பதையும் விரிவாக எழுதியிருக்கிறார்கள். நோட்டீஸ், லேபிள், வாயால் சொல்வது, ஒளியாலோ ஒலியாலோ புகையாலோ பரப்புவது எல்லாம் அடங்கும். செல்போனைக் கனவுகூடக் காணாத காலத்தில் எழுதியவர்கள் இவ்வளவு யோசித்திருக்கிறார்களே என்று எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அந்தச் சட்டம் நினைத்தது விற்கிறவனை. அவனுக்கு ஓர் ஊர், ஒரு லாட்ஜ், ஒரு தேதி இருந்தது. பெற்ற பிள்ளையே மருந்தை இலவசமாக அனுப்பி வைக்கும் காலத்தை யாரும் எதிர்பார்த்திருக்க முடியாது.

பொய் மருந்துக்கு எப்படிப் பேர் கிடைக்கிறது என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்தது மஞ்சள் காமாலை. எங்கள் பக்கத்தில் காமாலை என்றால் முதலில் கீழாநெல்லிதான். மோரில் அரைத்துக் குடிப்பார்கள், பத்தியம் இருப்பார்கள், ஒரு மாதத்தில் கண் வெளுத்துவிடும். தண்ணீரால் வரும் ஹெபடைடிஸ் ஏ பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே இறங்கிவிடக்கூடியது. பெரும்பாலும் ஓய்வே போதும். தானாக ஆறும் நோய்க்கு யார் எதைக் கொடுத்தாலும் பேர் கொடுத்தவருக்குத்தான். அப்படிப் பத்துப் பேர் குணமான ஊரில் பதினோராவது ஆளுக்கு வந்திருப்பது வேறு காமாலை என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

மலேயாவில் மளிகைக் கடையில் கணக்கு எழுதிவிட்டு ஊர் திரும்பிய பெரியவர் ஒருவர் இருந்தார். கண் மஞ்சளாகி, மூன்று வாரமாகப் பச்சிலைச் சாறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என்னிடம் வந்தது அதற்காக இல்லை. உடம்பெல்லாம் அரிப்பு, தடவ ஏதாவது கொடு என்று வந்தார். “காய்ச்சல் வந்துச்சா ஐயா?” என்றேன். இல்லை. “மலம் என்ன நிறத்தில போகுது?” என்றேன். களிமண் மாதிரி வெளுத்துப் போகுது என்றார். பித்தநீர் குடலுக்கு வராமல் அடைத்துக்கொண்டிருக்கிறது என்று சந்தேகிக்க அரிப்பும் அந்த நிறமும் போதும். அன்றைக்கே மதுரைக்கு அனுப்பினேன். பித்தக் குழாயில் கல். குழாய் விட்டு எடுத்தார்கள். கல்லாக இருந்தது அவருடைய அதிர்ஷ்டம், அதே இடத்தில் கட்டியும் வரும். அதற்குப் பின்னால் பல வருஷம் மாணிக்கநாச்சியம்மன் கோயில் திருவிழாவை முன்னால் நின்று நடத்தினார். அவரைப் பச்சிலை கெடுக்கவில்லை. அது தின்றது மூன்று வாரத்தை.

2006-இல் சிக்குன்குனியா வந்தபோதும் இதே கதைதான். காய்ச்சல் விட்டும் மூட்டு வலி மாதக்கணக்கில் போகவில்லை. வலி எப்படியும் மெதுவாகக் குறையும், குறையும்போது கையில் என்ன தைலம் இருந்ததோ அது ஜெயித்தது. அப்போது செய்தி வாய் வழியாகத்தான் போனது. கண்டரமாணிக்கத்துக் கஷாயம் பக்கத்து ஊரான கல்லலைத் தாண்டவே ஒரு வாரம் ஆகும்.

செட்டிநாட்டு வீடுகளின் நிலைமையை இங்கே சொல்ல வேண்டும். முகப்பு, பட்டாலை, வளவு என்று தெருவுக்குத் தெரு நீளும் வீட்டில் ஒரு ஆச்சி தனியாக இருப்பார்கள். பிள்ளைகள் சென்னையில், பெங்களூரில், சிங்கப்பூரில், அமெரிக்காவில். தினமும் முகம் பார்க்க ஒரு ஸ்மார்ட்போனை வாங்கிக் கொடுத்தார்கள். குடும்பத்துக்கு ஒரு குழு, பங்காளிகளுக்கு ஒரு குழு, கோயில் நகரத்தாருக்கு ஒன்று. பேசுவதற்கு விஷயம் இல்லாத நாளிலும் அம்மாவுக்கு எதையாவது அனுப்ப வேண்டும் என்று பிள்ளைக்குத் தோன்றும். காலை வணக்கத்துக்கு அடுத்தபடியாக அனுப்பத் தோன்றுவது உடம்புக்கு நல்லது என்று வரும் செய்தி. கண்காணாத இடத்தில் இருக்கும் மகனால் அம்மாவின் உடம்புக்குச் செய்ய முடிந்தது அவ்வளவுதான். அந்த அன்பின் மேல் ஏறித்தான் இந்தப் பொய் வீட்டுக்குள் வருகிறது. இதைப் புரிந்துகொள்ளாமல் ‘ஜனங்கள் முட்டாள்கள்’ என்று பேசுகிற படித்தவர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு.

அப்படி ஓர் ஆச்சி. சுகர் வந்து இருபது வருஷம். காலையும் இரவும் தானே இன்சுலின் போட்டுக்கொள்வார்கள். 2011, 2012-இல் மணிக்கணக்கில் கரண்ட் போன காலத்தில், ஈர மணலுக்குள் மண்சட்டியை வைத்து அதற்குள் மருந்துக் குப்பியைப் பத்திரப்படுத்திய கெட்டிக்காரி. ஊசி வாங்கும் கணக்கு ஒரு நாள் தப்பாது. 2018 வாக்கில் ஒரு மாதம் ஆள் வரவில்லை. நானே வீட்டுக்குப் போனேன்.

“ஊசிய நிறுத்திட்டேன் தம்பி” என்றார்கள். முகத்தில் அவ்வளவு சந்தோஷம். பின்கட்டில் வரிசையாகத் தொட்டி வைத்து இன்சுலின் செடி வளர்த்திருந்தார்கள். தினம் இரண்டு இலை, 48 நாள், அரிசியும் இனிப்பும் கூடாது என்று செய்தியில் இருந்தது. செடிக்கு அந்தப் பேரை வைத்தவர்கள் யாரோ, அதில் இன்சுலின் கிடையாது. நான் சொன்னேன். “மகன் அனுப்பிச்சிருக்கான். அவன் எனக்குக் கெடுதல் நெனப்பானா?” என்றார்கள். குளுக்கோமீட்டரை எடுத்துக் காட்டினார்கள். முதல் பத்து நாள் எண்கள் உண்மையிலேயே நன்றாக இருந்தன. சோற்றையும் பணியாரத்தையும் நிறுத்தினால் இறங்கத்தான் செய்யும். செய்தியை எழுதியவனுக்கு அது தெரியும், அதனால்தான் இலையோடு பத்தியத்தையும் சேர்த்து எழுதுகிறான். பத்தியம் செய்த வேலைக்கு இலை பேர் வாங்குகிறது. அடுத்த வாரங்களின் எண்கள் மேலே போயிருந்தன. அதற்கும் செய்தியில் பதில் இருந்தது: ‘ஆரம்பத்தில் கழிவு வெளியேறும்போது சர்க்கரை கூடும், பயந்து மாத்திரைக்குத் திரும்பாதீர்கள்.’ இறங்கினாலும் வெற்றி, ஏறினாலும் வெற்றி என்று எழுதி வைத்துவிட்டால் எந்தச் சோதனையும் அதைத் தோற்கடிக்காது.

அந்த நாட்களில்தான் நகம் வெட்டும்போது காலில் ஒரு சிறு காயம் பட்டது. வருஷக்கணக்கான சுகரில் பாதத்தின் உணர்ச்சி மங்கியிருந்ததால் வலி தெரியவில்லை. காயம் கண்ணில் பட்டபோது விரல் கறுத்திருந்தது. மதுரையில் இரண்டு விரலை எடுத்தார்கள். மகன் சிங்கப்பூரிலிருந்து பறந்து வந்தார். கடைக் கணக்கை முடிக்க வந்தவரிடம், செய்தி அவர் அனுப்பியது என்று அம்மா சொன்னதை மெதுவாகச் சொன்னேன். போனை எடுத்து மேலே மேலே தள்ளிக்கொண்டே போனார். கண்டுபிடித்தார். பங்காளிகள் குழுவில் வந்ததை முழுக்கப் படிக்காமல், கும்பிடும் கை படத்தோடு தள்ளிவிட்டிருக்கிறார். அனுப்பியதே அவருக்கு ஞாபகம் இல்லை. அம்மா அதை ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார்கள்.

என் வேலையின் போக்கை மாற்றியது அந்தச் சம்பவம். அதுவரைக்கும் கேட்கிறவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். அதன் பிறகு அனுப்பியவரிடம் பேச ஆரம்பித்தேன். மகன் சொன்னதை மருந்துக்கடைக்காரன் மறுத்தால் ஆச்சி மகனைத்தான் நம்புவார்கள், நம்ப வேண்டியதும் இயற்கை. அதனால் “அண்ணன் நம்பரக் குடுங்க ஆச்சி” என்று வாங்கி, துபாயோ டெட்ராய்டோ, நானே கூப்பிடுகிறேன். ஒருவர்கூட இதுவரை என்னிடம் கோபப்பட்டதில்லை. பதறிப் போகிறார்கள். “அம்மா, நான் தப்பா அனுப்பிட்டேன், ஊசியப் போடுங்க” என்று அவர்களே சொன்னால் அன்று ராத்திரியே ஊசி போடப்படும்.

இங்கிலீஷ் மருந்து கெமிக்கல், செடி இயற்கை என்று வாதாடுகிறவர்களிடம் நான் சண்டை போடுவதில்லை. அவர்கள் கையில் இருக்கும் மெட்ஃபார்மின் அட்டையைக் காட்டி, இதன் பூர்வீகமும் ஐரோப்பாவில் கலேகா என்ற ஒரு செடிதான் என்று சொல்லுவேன். மலேரியாவுக்குக் கொடுத்த கொயினா நீலகிரியில் தோட்டம் போட்டு வளர்த்த சின்கோனா மரப்பட்டை. சீனாவின் தூ யூயூ பழைய மூலிகையிலிருந்து மலேரியா மருந்தைப் பிரித்து 2015-இல் நோபல் பரிசு வாங்கினார். செடியை யாரும் ஒதுக்கவில்லை. எவ்வளவு, யாருக்கு, எத்தனை நாள், என்ன கெடுதல் என்று பார்த்துவிட்டுக் கொடுக்கிறோம். எதிர்ப்புச் சக்திக்கு நல்லது என்று கோவிட் காலத்தில் சாப்பிட்ட சீந்திலால் சிலருக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்டதை மும்பை மருத்துவர்கள் 2021-இல் எழுதினார்கள். அரசு ஆஸ்பத்திரிகளில் சித்தா பிரிவில் உட்கார்ந்திருக்கும் படித்த மருத்துவர்களை எனக்குத் தெரியும். இன்சுலினை நிறுத்து என்று அவர்களில் ஒருவர் சொல்லி நான் கேட்டதில்லை.

தடுப்பூசியிலும் பிரசவத்திலும் பட்டது தனி. 2017 பிப்ரவரியில் 9 மாதம் முதல் 15 வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி போட்டார்கள். வாட்ஸ்அப் குரல் பதிவுகள் பரவி, பள்ளிக்கூட வாசலில் தாய்மார்கள் பிள்ளைகளைத் திருப்பிக் கூட்டிக்கொண்டு போனார்கள். தமிழ்நாட்டில் முகாமை மார்ச் வரை நீட்டிக்க வேண்டியிருந்தது. அடுத்த வருஷம் ஜூலையில் திருப்பூரில் ஓர் இளம் ஆசிரியை யூடியூப் பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்த்துக்கொண்டதில் ரத்தம் போய் இறந்தார். வீட்டுப் பிரசவத்துக்குப் பயிற்சி என்று விளம்பரம் செய்த ஹீலர் பாஸ்கரைக் கோயம்புத்தூரில் ஆகஸ்டில் கைது செய்தார்கள். அந்த வாரம் கடைக்கு வந்த கர்ப்பிணிகள் ஒவ்வொருவரிடமும் நான் பேசினேன். எங்கள் கிராமச் சுகாதாரச் செவிலியர் மாத்திரைக் கணக்கைக் கேட்பது போல வீடு வீடாகப் போய், யார் எந்த வீடியோ பார்க்கிறார்கள் என்று கேட்டு வந்தார். அவருடைய உழைப்பைப் பத்திரிகையில் யாரும் எழுதவில்லை.

பிறகு கொரோனா. 2020 மார்ச்சில் ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் என்ற பெயர் அமெரிக்க ஜனாதிபதியின் வாயிலிருந்து எங்கள் தெருவுக்கு வந்து சேர ஒரு நாள்கூட ஆகவில்லை. பேரைச் சரியாகச் சொல்லக்கூடத் தெரியாதவர்கள் போனைத் திருப்பிக் காட்டிக் கேட்டார்கள். காரைக்குடி ஸ்டாக்கிஸ்டிடம் சரக்கு காலி. மார்ச் 26-ஆம் தேதி மத்திய அரசு அதைக் கட்டுப்பாட்டுப் பட்டியலான ஷெட்யூல் எச்1-இல் சேர்த்தது. ஆனால் வாத மூட்டு நோய்க்கும் லூபஸ் நோய்க்கும் அதைத் தினமும் சாப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். எங்கள் பக்கத்தில் அப்படி ஒரு பெண். இருந்த அட்டைகளை யாருக்கும் காட்டாமல் அவருக்கு எடுத்து வைத்தேன். செல்வாக்குள்ள வீட்டிலிருந்து கேட்டும் கொடுக்கவில்லை. அதனால் வந்த மனத்தாங்கல் இன்னும் தீரவில்லை, தீராவிட்டாலும் பரவாயில்லை.

அந்த ஏப்ரலில் ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில் டிக்டாக் பார்த்து ஊமத்தையை அரைத்துக் குடித்த 12 பேரை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். காய் பார்ப்பதற்குக் கொரோனா கிருமியின் படம் போல முள்ளாக இருக்கிறது, அதனால் அதுவே மருந்து என்பது வீடியோவின் நியாயம். எங்கள் கண்மாய்க் கரையில் ஊமத்தை இல்லாத இடம் இல்லை. ஊரில் டமாரம் அடிக்காத குறையாகச் சொன்னேன். மே மாதம் சென்னையில் மூலிகை நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்த மருந்தாளுநர், கொரோனாவுக்குத் தானே தயாரித்த ரசாயனக் கரைசலைக் குடித்துப் பார்த்து இறந்துபோனார். என் தொழிலைப் படித்த மனிதர். அந்தச் செய்தியைப் படித்த அன்று கடையை முழுக்கத் திறக்க மனம் வரவில்லை. படிப்பு மட்டும் யாரையும் காப்பாற்றாது, பயமும் அவசரமும் சேர்ந்தால் படித்தவனும் அளவை மறப்பான்.

2021 ஏப்ரல் 15-இல் நடிகர் விவேக் தடுப்பூசி போட்டுக்கொண்டார், 17-இல் மாரடைப்பில் காலமானார். நல்ல மனிதர், மரம் நடச் சொன்னவர். மறுநாள் என் கடையில் இன்சுலின் வாங்க வந்தவர்கள்கூடத் தடுப்பூசி வேண்டாம் என்றார்கள். அவர் மரணத்துக்கும் ஊசிக்கும் சம்பந்தமில்லை என்று அரசுக் குழு ஆய்ந்து சொல்ல அக்டோபர் ஆகிவிட்டது. அதற்குள் இரண்டாம் அலை வந்து போயிருந்தது.

இப்போதைய நிலைமை இன்னும் மோசம். பொய்யைப் பரப்பியவர்கள் விற்கவும் ஆரம்பித்துவிட்டார்கள். பெரிய இதய நிபுணரின் முகமும் குரலும் கம்ப்யூட்டரில் செய்யப்பட்டு, செய்தி வாசிப்பவரின் முகத்தோடு சேர்ந்து பேஸ்புக்கில் சுகர் மருந்து விற்கின்றன. கூரியர் பையன் பொருளைக் கொடுத்துக் காசு வாங்கிக்கொண்டு போகிறான். ரிட்டயர்டு வாத்தியாரம்மா ஒருவர் மூட்டு வலிக்கு அப்படி ஒரு டப்பா வாங்கிச் சாப்பிட்டார். மூன்று நாளில் மாடிப்படி ஏறினார். இரண்டு மாதத்தில் முகம் உருண்டை ஆனது, கன்னம் பளபளத்தது, லேசாக இடித்த இடமெல்லாம் கன்றிப்போனது. சுகரே இல்லாதவருக்குச் சுகர் 300. ஸ்டீராய்டு கலந்திருக்கிறது என்று எனக்குப் பார்த்ததும் தெரிந்தது. இந்த மாதிரி நேரத்தில் பயந்துபோய் டப்பாவைத் தூக்கிப் போட்டுவிடுவது இன்னும் ஆபத்து. ஸ்டீராய்டு வெளியிலிருந்து வந்துகொண்டிருந்ததால் உடம்பு தன் சொந்தச் சுரப்பை நிறுத்தியிருக்கும். திடீரென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் விழுந்து மயங்கிவிடலாம். டப்பாவோடு காரைக்குடி டாக்டரிடம் அனுப்பினேன். அவர் அளவோடு ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்து வாரம் வாரமாகக் குறைத்து இறக்கினார். அந்த டப்பாவில் உரிம எண் இல்லை, பேட்ச் எண் இல்லை, ஒரு செல் நம்பர் மட்டும். ஆயுர்வேத, சித்த மருந்துக்கும் உரிம எண் கட்டாயம். மருந்து ஆய்வாளருக்கு டப்பாவை அனுப்பி எழுதிப் போட்டேன். அந்தப் பெயர் மறைந்தது. வேறு பெயரில், அதே பச்சை டப்பாவில், விளம்பரம் வந்துகொண்டிருக்கிறது.

2024-இல் பதஞ்சலி நிறுவனத்தின் தவறான விளம்பரங்கள் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் மன்னிப்பு விளம்பரமும் பழைய விளம்பரத்தின் அளவில் இருக்கிறதா என்று கேட்டது. என் கடையில் அந்தச் செய்தியைச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். அந்தக் கேள்வி சரியான கேள்வி. பொய் போன வீடு அத்தனைக்கும் திருத்தம் போகிறதா?

எங்கள் ஊர் அளவில் அதற்கு ஒரு வழி பழக்கத்தில் வந்திருக்கிறது. சில குடும்பக் குழுக்களில் என்னையும் சேர்த்திருக்கிறார்கள். மருந்து சம்பந்தமாக எது வந்தாலும் பெரியவர்களுக்கு அனுப்புவதற்கு முன்னால் எனக்கு அனுப்புகிறார்கள். தெரிந்ததைச் சொல்கிறேன், தெரியாததை டாக்டரிடம் கேட்டுச் சொல்கிறேன். 2021 ஆகஸ்டில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற அரசுத் திட்டம் தொடங்கியதிலிருந்து வீட்டுக்கே சுகர், பிரஷர் மாத்திரை கொண்டுபோகும் பெண்கள், யார் வீட்டில் மாத்திரை மிச்சம் இருக்கிறது என்று பார்த்து எனக்கும் சொல்கிறார்கள். அதனால் என் வியாபாரம் கொஞ்சம் குறைந்தது உண்மை. எண்ணி வாங்கிய மாத்திரை மிச்சமானால் அது தகவல், அதைக் கண்ணால் பார்க்க வீட்டுக்குள் போகிறவர்கள்தான் வேண்டும்.

போன வாரம் டல்லாஸிலிருந்து ஒரு பேத்தி குரல் பதிவு அனுப்பியிருந்தாள். ஆயாவுக்குத் தைராய்டுக்குக் கொத்தமல்லி விதை ஊறிய தண்ணீர் கொடுத்தால் மாத்திரையை விட்டுவிடலாமா என்று கேள்வி. தண்ணீர் குடிக்கட்டும், மாத்திரையை நிறுத்தக் கூடாது என்றேன். மாத்திரை முதலில், வெறும் வயிற்றில், பச்சைத் தண்ணீரில். மற்றதெல்லாம் அரை மணி நேரம் கழித்து. இதுவரைக்கும் மல்லித் தண்ணீரோடு சேர்த்து விழுங்கியிருந்தால் மருந்து சரியாக உடம்பில் ஏறாமல் இருந்திருக்கலாம், அதனால் ஆறு வாரம் ஒழுங்காகச் சாப்பிட்ட பிறகு டி.எஸ்.எச். ரத்தப் பரிசோதனை பார்க்க வேண்டும் என்று சொன்னேன். “நான் சொன்னா ஆயா கேக்குமா அங்கிள்?” என்றாள். நீ சொன்னால்தான் கேட்பார்கள் என்றேன். ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் ஒரே அழைப்பில் பேசுவதாக ஏற்பாடு. சீட்டையும் பழைய ரிப்போர்ட்டையும் எடுத்து வைக்கச் சொல்லி ஆயா வீட்டுக்குப் பையனை அனுப்பியிருக்கிறேன்.